பத்துக்குள் சொல்லுங்கள்

வலி எவ்வளவு என்று கேட்டாள் ஜெசிந்தா.
பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் சொல்லணுமாம்.
என்னிடம் இருப்பது இருபது.

அடிவாரம் செக்போஸ்ட்டில் பூஜ்யம்.
அங்கே நின்று டீ குடிக்கும்போது
தோள் என்னுடையதுதான்.
மூன்றாவது வளைவில் ஒரு பல் முளைக்கிறது
மூட்டுக்கு உள்ளே, பின்பக்கமாக.
ஏழில் அது கடிக்கப் பழகுகிறது.
பதினொன்றில் எதிரே காய்கறி வேன் வந்துவிட்டால்
நிறுத்தி, பின்னால் எடுத்து, மறுபடி ஒடித்து,
முழங்கை வரைக்கும் கரண்ட்.
பதினாலில் பனி.
வலியே கண்ணுக்குத் தெரியாத அளவுக்குப் பனி.

"பத்துக்குள்ள சொல்லுங்கண்ணா."
ஏழு என்றேன்.
ஏழு என்று எழுதிக்கொண்டாள்.
எந்த ஏழு, ஏறும்போதா இறங்கும்போதா
என்று கேட்கவில்லை.

பவர் ஸ்டியரிங் வைத்த புது வண்டிகளை
நேர்ரோட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.
மலைக்கு வாய்த்தது இது.
சீட்டு ஸ்பிரிங் செத்து நாலு வருஷம்,
மடித்த சாக்கின் மேல் உட்கார்ந்திருக்கிறேன்.
ஒரு நாளைக்கு நாலு நடை,
ஏறி இறங்க நூற்றறுபது வளைவு.
டிக்கெட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக் காட்டினான்
கண்டக்டர் சித்தேஸ்வரன்.
அவனுக்கு இடது இடுப்பு.
கம்பியில் சாய்ந்து நின்றே தேய்ந்தது.
எங்கள் இரண்டு பேரையும் சேர்த்தால்
நல்லதாக ஒரு ஆள் தேறும்.

எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை.
லைட் டூட்டி கேட்டு எழுதிக் கொடுத்த தாளை
டெப்போவில் படித்தவர்
என்னைத்தான் அதிக நேரம் பார்த்தார்.
"ஆளு நல்லாத்தானய்யா இருக்கீங்க."
தோளைக் கழற்றி மேஜை மேல் வைக்க
ஒரு ஏற்பாடு இருந்திருக்கலாம்.

காலையில் சட்டை போட
முதலில் வலது கையை நுழைத்துவிடுகிறாள் சரோஜா.
பிறகு தலை, பிறகு மற்றது.
நாற்பத்தொன்பது வயசுக் குழந்தை,
டூட்டிக்கு நேரமாகிறது என்று அழுகிறது.
ராத்திரி வலப்பக்கம் திரும்பிப் படுக்க முடியாது.
இருபத்தாறு வருஷமாய் அவள் படுக்கிற பக்கம் அது.
போன மாசம் ஒரு நாள்
தலையணையைத் தூக்கிக்கொண்டு
சுவரோரம் மாறிப் படுத்தாள்.
அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை.

பெரியாஸ்பத்திரியில்
ஜெசிந்தாவின் கட்டைவிரல் என் தோளில் இறங்கும்போது
தெரியாத ஊர்களின் வலியெல்லாம் வந்து நின்று போகிறது.
அழுத்தி முடித்துவிட்டுத் தன் கையை
உதறிக்கொண்டாள், தெர்மாமீட்டரை உதறுவது போல.
அந்த விரலில் கிரேப் துணி சுற்றியிருந்தது.
"உங்களுக்கு எத்தனைம்மா?"
சிரித்தாள்.
"இன்னும் பதினோரு பேர் வெளிய உக்காந்திருக்காங்கண்ணா."
அதுதான் பதில் என்று
பஸ் ஏறின பிறகு புரிந்தது.

அவள் சொல்லிக் கொடுத்த பயிற்சி இது:
சுவரைப் பார்த்து நின்று
இரண்டு விரலை நடக்க விட வேண்டும்.
மெதுவாக, மேலே, மேலே.
எட்டின இடத்தில் பென்சில் கோடு.

நான் முதல் நாளே இருபது கோடும் போட்டுவிட்டேன்.
பக்கத்தில் நம்பரும்.
பதினேழில் காலண்டர் தொங்கியது.
கேட்காமலே சரோஜா அதை எடுத்து
ஜன்னலோரம் மாட்டினாள்.
பழைய ஆணி மட்டும் இருக்கிறது,
அங்கே ஒரு குரங்கு உட்கார்ந்திருக்கும் நிஜத்தில்.

முதல் வாரம் ஒன்பது.
நேற்று பன்னிரண்டு.
இன்று விரல்கள் பதிமூன்றைத் தொட்டு,
அந்த இடத்தில் மூச்சு வாங்கி, ஆடிக்கொண்டே நின்றன.
கியர் மாற்ற இடது கை தானாகக் கீழே போனது.
திருப்பம் தெரியவில்லை.
பழக்கதோஷத்தில் வாயாலேயே
ஹாரன் அடித்திருக்கிறேன்.

அடுப்படியிலிருந்து சரோஜா:
"எதிர்ல யாரு வராங்க?"